ஜெயின் ஆணையம்: பாதி அறிக்கை கவிழ்த்த ஆட்சி

விசாரணை ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதியைப் போட்டால் அரசியல் ஒதுங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் 1997 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராஜீவ் காந்தி கொலையின் பின்னணியை ஆராய 1991இல் நியமிக்கப்பட்டவர் நீதிபதி மிலாப் சந்த் ஜெயின். ஆறு ஆண்டுகள் கழித்து, 1997 ஆகஸ்டில், 17 தொகுதிகளில் ஓர் இடைக்கால அறிக்கை கொடுத்தார். கொலை வரை நடந்தவற்றின் தொடர்ச்சி மட்டுமே அதில் இருந்தது. சதி பற்றிய பகுதி பிறகு வரும் என்று வைத்துக்கொண்டார். நீதிமன்ற வழக்கத்தில் இதில் குற்றமில்லை. ஆனால் அன்று மத்தியில் நடந்தது, காங்கிரஸ் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில் தொங்கிக்கொண்டிருந்த பிரதமர் குஜ்ராலின் கூட்டணி ஆட்சி; திமுகவும் அதில் இருந்தது. அந்த நேரத்தில் பாதி அறிக்கையை எந்தக் கட்சிதான் பாதியாகப் படிக்கும்?

1989–91 திமுக ஆட்சி புலிகளுக்கு இடம் கொடுத்தது என்ற பகுதி பத்திரிகையில் கசிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் டெல்லியே இலங்கைத் தமிழ்ப் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்த கதையும் அதே அறிக்கையில் இருந்தது. அதைப் பற்றி யார் வாய் திறந்தார்கள்? கொலை நடந்த நாளில் தமிழ்நாட்டில் இருந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி என்பதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. திமுக அமைச்சர்களை நீக்கு என்றார் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி. குஜ்ரால் மறுத்தார். நவம்பர் 28இல் ஆதரவு வாபஸ், டிசம்பர் தொடக்கத்தில் மக்களவை கலைப்பு.

என் எரிச்சல் கட்சிகள் மீது அல்ல. ஆயுதம் கிடைத்தால் எடுப்பார்கள், அது அவர்கள் தொழில். நீதிபதிகள் மீதுதான். தீர்ப்பில் ஒரு வரி வரம்பு மீறினால் மேல்முறையீட்டில் நீக்கலாம். அந்தப் பாதுகாப்பிலேயே எழுதிப் பழகிய கை, ஆணையத்திலும் அதே தாராளத்தோடு எழுதுகிறது. ஆணைய அறிக்கை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்ற நினைப்பு வேறு. கட்டுப்படுத்தாத அந்தக் காகிதம்தான் நாட்டையே தேர்தலுக்கு அனுப்பியது.

இறுதி அறிக்கை 1998 மார்ச்சில் வந்தது. அதற்குள் தமிழ்நாடு வாக்களித்து முடித்திருந்தது. வாஜ்பாய் பிரதமரானார்.

நீக்கச் சொன்ன அமைச்சர்களில் ஒருவர் டி. ஆர். பாலு. அவர் 1999இல் வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தார். 2004இல் காங்கிரஸ் பிரதமர் மன்மோகன் சிங்கின் அமைச்சரவையிலும் இருந்தார். அப்போது ஜெயின் அறிக்கையைக் காங்கிரஸ்காரர் எவரும் கையில் எடுக்கவில்லை.