ப்ரோகிராம் ஓடும், செட்டப் ஓடாது!

பழைய 32 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸ்ல ஓடும்னுதானே சொன்னாங்க? ஓடும். இன்ஸ்டால் ஆனாத்தானே ஓடுறதுக்கு? 90-கள்ல வந்த எத்தனையோ சிடியில ப்ரோகிராம் 32 பிட், அதைப் பிரிச்சுப் போடுற செட்டப் ஃபைல் மட்டும் அதைவிடப் பழைய 16 பிட். இன்ஸ்டால்ஷீல்டுங்கிற கருவியில செஞ்சது மாதிரி சில செட்டப் பதிப்புகளுக்கு மட்டும் விண்டோஸே மாற்று வெச்சிருக்கு. மத்ததெல்லாம் டபுள் கிளிக் பண்ணதும் இந்த பிசியில ஓடாதுன்னு சொல்லிட்டு நின்னுடும்.

உடனே ஆளாளுக்கு "காம்பேட்டிபிலிட்டி மோடு போடுங்க"ன்னு உபதேசம். அதாவது, பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கிற வசதி. விண்டோஸ் 95-னு தேர்ந்தெடுத்தா 16 பிட் கோடு 32 பிட் ஆயிடுமா? அதை ஓட்ட வேண்டிய என்டிவிடிஎம்ங்கிற விண்டோஸ் பகுதி 64 பிட் விண்டோஸ்ல கிடையவே கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் கிடையாது. எங்கே போறது?

எப்படியோ உள்ளே போட்டாச்சுன்னா அடுத்த ஏழரை. பழைய பில்லிங் ப்ரோகிராம் டேட்டாவை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளயே எழுதப் பார்க்கும். விண்டோஸ் அதைச் சத்தமில்லாம ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர்னு மூணு ஃபோல்டர் தாண்டிக் கொண்டுபோய் வைக்கும். சாதாரணமா திறந்தா இன்னைக்குப் போட்ட பில் தெரியும். அட்மினா திறந்தா காணோம்! பேக்கப் எடுக்கிறவங்க எந்த ஃபோல்டரை காப்பி பண்ணுவாங்க? தப்பானதைத்தான்.

பாரலல் போர்ட் டாங்கிள் (பழைய பிரிண்டர் போர்ட்ல செருகுற பூட்டு மாதிரியான சின்னக் கருவி) கேட்குற மென்பொருள்னா இன்னும் மோசம். 64 பிட் டிரைவர் வேணும், எழுதித் தர அந்தக் கம்பெனியே இல்ல. சரி, எஃப்1 அடிச்சுப் பார்க்கலாம்னா பழைய ஹெல்ப் ஃபைலைத் திறக்கிற வசதியை விண்டோஸ் விஸ்டாவுலயே கூடத் தர்றதை நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 10-ல தனியா இறக்கிப் போடவும் வழியில்ல.

காசு கொடுத்து வாங்கின சிடிங்க இது!