கட்டிக் குடுத்தவங்க அப்புறம் எட்டிப் பாக்கணும்ல

லாபநோக்கம் இல்லாம ஏழைங்களுக்கு வீடு கட்டுற நிறுவனங்களப் பத்தின கட்டுரை நல்லாருக்கு சார், ஆனா எங்க கடலூர் கதைய விட்டுட்டீங்களே. 2004 சுனாமிக்கப்புறம் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடா பக்கம்லாம் சனங்க வீடில்லாம நின்னப்போ 2005 மார்ச்ல அரசாணை 172 போட்டாங்க, இடம் கவர்மெண்ட்டு, கட்டுறது தொண்டு நிறுவனம், பட்டா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும். அந்தக் கடைசி விஷயத்துக்கே ஒரு கும்பிடு போடலாம், குடிச்சிட்டு வந்து வீட்ட வித்துருவேன்னு மெரட்ட முடியாதுல்ல.

ஆனா வீட்டப் போய் பாருங்க. உப்புக்காத்துல கம்பி துரு புடிச்சி மேல காரை பேந்து சோத்துப்பானைல விழுது, கட்டுனவங்க பேர் போட்ட கல்வெட்டு மட்டும் பளபளன்னு இருக்கு. வலை காயப்போட, ஐஸ்பெட்டி வைக்க எடமே விடல, அதான் ஆளாளுக்கு முன்னாடி கீத்துக் கொட்டாய எறக்கிட்டாங்க. மீன்காரன் வீடுன்னா என்னன்னு ஒரு ஆயாவக் கேட்டிருந்தாகூட சொல்லியிருக்கும்.

நீங்க எழுதுன ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டிங்கிற வீடு கட்டுற தொண்டு நிறுவனத்த 1976ல அமெரிக்காவுல ஆரம்பிச்சப்ப வீடு வாங்குறவங்களே கூட நின்னு வேலை செய்யணும், வட்டியில்லாக் கடன திருப்பிக் கட்டணும், அந்தக் காசுல அடுத்த வீடு. சொந்தமா கல்லு மண்ணு தூக்குனவன் ஜன்னல் எங்க வைக்கணும்னு வாயத் தொறந்து கேப்பான், இங்க சும்மா குடுத்ததால யாரும் கேக்கல. 2011 தானே புயலுக்கப்புறம் கவர்மெண்ட்டே ஒரு லட்சம் கான்கிரீட் வீடு அறிவிச்சுது, அதயும் நேர்ல பாத்து எழுதுங்க சார்.