நிக் ஃபோல்ஸ் ஜெயித்தது லக்காம்!

பேக்கப் குவார்ட்டர்பேக்காக இருந்த நிக் ஃபோல்ஸ், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு அமெரிக்கன் ஃபுட்பாலின் சாம்பியன் ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்துக் கொடுத்தவர். அவர் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "அது லக்குப்பா" என்று கதையை முடித்துவிடுகிறார். நேற்றும் ஒரு நண்பர் அதையேதான் சொன்னார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு: குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர். அவருக்கு அடிபட்டால் இறங்க பெஞ்சில் ஒரு பேக்கப் இருப்பார். சீசன் தொடங்கிவிட்டால் பயிற்சியில் ஏறக்குறைய எல்லா வாய்ப்பும் ஸ்டார்ட்டருக்குத்தான். பேக்கப்பின் வேலை, அந்த வாரம் மோதப்போகும் அணியின் குவார்ட்டர்பேக் மாதிரி ஆடிக் காட்டி, தன் அணியின் டிஃபென்ஸைப் பழக்குவது. வாரம் முழுக்க அடுத்தவன் வேஷம் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திடீரென்று "இறங்குப்பா" என்றால் எப்படி இருக்கும்?

2017 டிசம்பர் 10. ராம்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸின் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனில் 33 டச்டவுன் பாஸ் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் போய்ப் புள்ளி வாங்கித்தரும் எறி) எறிந்திருந்தவர். ஃபோல்ஸ் உள்ளே வந்தார். உடனே அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ரெய்டர்ஸைத் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். டிசம்பர் 31 அன்று கௌபாய்ஸிடம் 6-0 என்று தோற்றார்கள். ஒரு புள்ளிகூட இல்லை! லக்கு அப்போது எங்கே போயிருந்ததாம்?

பிறகு நடந்ததுதான் விஷயம். வென்ட்ஸுக்காகத் தைத்த சட்டையை ஃபோல்ஸுக்கு மாட்டிவிடுவதைப் பயிற்சியாளர்கள் நிறுத்தினார்கள். 2013-இல் இதே ஈகிள்ஸுக்காக 27 டச்டவுன், வெறும் 2 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறி) என்று கலக்கிய ஃபோல்ஸுக்கு எது கைவந்ததோ, அதை ஆட்டத்திட்டத்தில் கூட்டினார்கள். பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதா எறிவதா என்று கடைசி நொடியில் தீர்மானிக்கும் ஆட்டங்கள் அவருக்கு அத்துப்படி. சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில் வைக்கிங்ஸுக்கு விழுந்தது 38-7 அடி.

இதை ஏன் அவர்களால் செய்ய முடிந்தது? தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன், கிரீன் பே அணியில் நட்சத்திர குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்குப் பல வருடம் பேக்கப்பாக இருந்தவர். அஃபென்ஸ் (தாக்குதல் ஆட்டம்) ஒருங்கிணைப்பாளர் ஃபிராங்க் ரைக், பஃபலோ அணியில் இன்னொரு நட்சத்திரமான ஜிம் கெல்லிக்குப் பேக்கப். அந்த ரைக்தான் 1993 ஜனவரியில் 35-3 என்று பின்தங்கிய பிளேஆஃப் ஆட்டத்தை 41-38 என்று திருப்பியவர். பெஞ்ச் சூடு தெரிந்த இரண்டு பேர் மேலே இருந்தார்கள். நட்சத்திர ஆட்டக்காரராகவே இருந்த ஒருவருக்கு இந்தப் பொறுமை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சூப்பர் பவுலில் எதிரே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் நட்சத்திர குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. அவரும் 2001-இல் டிரூ பிளெட்ஸோவுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தவர்தானே! முதல் பாதி முடியப்போகிறது. நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு; டச்டவுன் கோட்டுக்கு ஒரு கஜம். ஃபோல்ஸ் சைட்லைனுக்கு (மைதான ஓரம்) வந்து, பயிற்சி செய்து வைத்திருந்த ஒரு தந்திர ஆட்டத்தை ஆடலாமா என்று அவரே கேட்கிறார். பீடர்சன் ஒரு கணம் யோசித்து, சரி என்கிறார். பந்து கை மாறி மாறி, வழக்கமாகப் பந்தைப் பிடிப்பவரான டிரே பர்ட்டனிடம் போக, அவர் எறிந்ததை டச்டவுனாகப் பிடித்தது குவார்ட்டர்பேக் ஃபோல்ஸ். (அதே ஆட்டத்தில் தனக்கு வந்த பாஸைப் பிரேடி நழுவவிட்டார். பேட்ரியாட்ஸ் ரசிகர்களிடம் இதை ஞாபகப்படுத்தாதீர்கள்!) கடைசியில் ஈகிள்ஸ் 41-33 என்று ஜெயித்தது.

அப்புறம் 2019-இல் ஜாக்சன்வில் அணி அவரை 8.8 கோடி டாலர் மதிப்புள்ள நான்கு வருட ஒப்பந்தத்தில் ஸ்டார்ட்டராகவே எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே காறை எலும்பு முறிந்தது. உள்ளே இறங்கியவர், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில் எடுத்த புதுப் பையன் கார்ட்னர் மின்ஷூ. லக்கு என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

2018 செப்டம்பரில் பிலடெல்பியா மைதானத்துக்கு வெளியே ஒரு சிலை வைத்தார்கள். ஃபோல்ஸ் பந்தைப் பிடிக்கிற சிலை அல்ல அது. சைட்லைனில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஃபோல்ஸும் பீடர்சனும் நின்று பேசுகிற சிலை. ரெண்டு பேக்கப்புகள்.