என்.பி.ஏ. அவரைத் தவறவிடவில்லை

கூடைப்பந்து ஆட்டக்காரர் கைல் ஹைன்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "ச்சே, இப்படிப்பட்ட ஆளை என்.பி.ஏ. கோட்டை விட்டுவிட்டதே" என்று ஆரம்பித்துவிடுகிறார். என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ அது அந்த மனிதரைச் சிறுமைப்படுத்துவது போலவே படுகிறது. ஐரோப்பிய கிளப்புகளின் உச்சத் தொடரான யூரோலீக் கோப்பையை நான்கு முறை வென்றவர், மூன்று முறை அந்தத் தொடரின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அப்படிப்பட்டவர் கதையிலும் அவர் ஒரு நாள்கூட ஆடாத லீகைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா?

என் கட்சி இதுதான். 2008இல் என்.பி.ஏ. அவரை எடுக்காதது பெரிய தப்பு ஒன்றும் இல்லை. அவர் தன் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு ஏன் வாய் வருவதில்லை என்பதுதான் என் ஆச்சரியம்.

அவரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நியூஜெர்சிக்காரர். 2004 முதல் 2008 வரை கிரீன்ஸ்பரோவில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடினார். மைக்கேல் ஜோர்டன் படித்த வட கரோலினா இல்லை, அது சேப்பல் ஹில். இது சின்ன கல்லூரி அணி. அவர் இருந்த நான்கு வருடத்தில் ஒரு முறைகூட மார்ச் மாத தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. ஆனால் ஹைன்ஸ் மட்டும் 2000 புள்ளி, 1000 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 300 பிளாக் (எதிரி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது) என்று மூன்று கோட்டையும் தாண்டினார். அமெரிக்கக் கல்லூரி வரலாற்றிலேயே இதைச் செய்தவர்கள் மிகச் சிலர்தான். இன்னொன்று சொன்னால் சட்டென்று விளங்கும்: கிரீன்ஸ்பரோ ஆடிய அதே சதர்ன் கான்பரன்ஸ் என்ற கல்லூரிப் பிரிவில்தான், பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஸ்டீபன் கரி டேவிட்சன் கல்லூரிக்காக ஆடிக்கொண்டிருந்தார். 2007இல் அந்தக் கான்பரன்ஸின் சிறந்த ஆட்டக்காரர் ஹைன்ஸ், 2008இல் கரி.

அந்த 2008 டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் வருடாந்திரத் தேர்வில், 60 பேரை எடுத்தார்கள். ஹைன்ஸ் பெயர் வரவில்லை. காரணம் ரகசியம் இல்லை. அவர் சென்டர், அதாவது கூடைக்கு அடியில் நின்று ஆடுபவர், வழக்கமாக அணியிலேயே உயரமான ஆள். இவர் உயரமோ 1.98 மீட்டர். அப்போதைய என்.பி.ஏ.வில் சென்டர் என்றால் டுவைட் ஹவர்ட், யாவ் மிங் போன்ற ராட்சதர்கள். ஹைன்ஸ் தூரத்திலிருந்து எறியமாட்டார், பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தவும் மாட்டார். அந்த உயரத்துக்கு அங்கே இவை இரண்டும் வேண்டும்.

உடனே என்.பி.ஏ. ஆட்டக்காரர் டிரேமண்ட் கிரீனை இழுப்பார்கள். அவரும் கிட்டத்தட்ட அதே உயரம்தானே, அவர் சென்டர் ஆடவில்லையா என்று. ஆடினார். ஆனால் அது 2014க்கு மேல். ஆட்டத்தின் போக்கே மாறிய பிறகு. அதோடு கிரீன் ஒரு கார்டைப் போல, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவரைப் போல, பாஸ் கொடுப்பவர். இருவரும் ஒரே வகை இல்லை. இதைவிடப் பொருத்தமான உதாரணம் பி.ஜே. டக்கர். 2010–11இல் ஜெர்மனியின் பாம்பெர்க் அணிக்காக ஹைன்ஸ் லீக் பட்டமும் கோப்பையும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த சீசனில் அதே அணிக்கு வந்தவர் டக்கர். அவர் 2012இல் என்.பி.ஏ.வுக்குத் திரும்பினார், மூலையில் நின்று மூன்று புள்ளி எறியக் கற்றுக்கொண்டு நிலைத்தார், 2021இல் மில்வாக்கி அணியோடு பட்டமும் வென்றார். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே நிலைக்க வேறு ஆளாக மாற வேண்டியிருந்தது. ஹைன்ஸ் மாறவில்லை. ஐரோப்பாவில் அவர் மாற வேண்டிய அவசியமும் வரவில்லை.

இதில் விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைப் பலர் பேசுவதே இல்லை. என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. ஐரோப்பாவில் பின்பற்றும், சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதியில் அந்தத் தடை கிடையாது. ஐந்து பேரும் உள்ளே நெருங்கி நின்றுகொள்ளலாம். அதனால் குள்ளமான சென்டர் தனியாகக் கூடையைக் காக்க வேண்டியதில்லை, பின்னால் ஆள் இருப்பார். அவருடைய வேலை வேறாகிவிடுகிறது.

அந்த வேலையை ஹைன்ஸ் செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். எதிரணியின் கார்ட் பந்தோடு வருகிறார், அவர்களுடைய சென்டர் ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது கார்டைத் தடுப்பவரின் வழியை உடம்பால் மறிக்கிறார். மற்ற அணிகளின் பெரிய உடம்புக்காரர்கள் இந்த இடத்தில் பின்வாங்குவார்கள், துரத்திப் பிடிக்க முடியாது என்று தெரியும். ஹைன்ஸ் அப்படியே ஸ்விட்ச் செய்து, அதாவது காவல் காக்கும் ஆளை மாற்றிக்கொண்டு, கார்டின் முன்னால் போய் நிற்பார். முழங்கால் மடங்கியிருக்கும், இடுப்பு தாழ்ந்திருக்கும், கை மட்டும் விரிந்திருக்கும். கார்ட் இடம் வலம் ஆட்டிப் பார்ப்பார், இவர் ஏமாறமாட்டார். பந்தை எறிய மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் ஷாட் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் தடுமாறி ஏதோ ஒன்றை எறிய, அதற்குள் ஹைன்ஸ் திரும்பித் தன்னைவிட ஒரு சாண் உயரமான ஆளின் தொடையில் உடம்பைப் போட்டு அணைத்து வைத்திருப்பார், ரீபவுண்டுக்கு அவர் எகிற முடியாதபடி. புள்ளிவிவரத் தாளில் இது எதுவும் பதிவாகாது. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கல்லூரி முடித்ததும் அவர் போய் இறங்கிய இடம் வெரோலி. ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல் ஒரு சிறிய ஊர், இத்தாலியின் இரண்டாம் டிவிஷன் அணி. அங்கே இரண்டு சீசன். அப்புறம் பாம்பெர்க். 2011இல் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். அங்கே பொருளாதாரம் கவிழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. கிளப்பே செலவைச் சுருக்கி, இளம் பையன்களை வைத்து அணி கட்டியிருந்தது. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 2012 மே மாதம் இஸ்தான்புல்லில் யூரோலீக் இறுதிப் போட்டி, எதிரே ரஷ்யாவின் செஸ்கா மாஸ்கோ. மூன்றாவது கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து எழுந்து, கடைசி விநாடிக்குள் ஸ்பனூலிஸ் கொடுத்த பந்தை அணித்தோழர் பிரின்டெசிஸ் போட, 62–61. மறுவருடம் லண்டனில் ரியல் மாட்ரிட்டை 100–88 என்று வீழ்த்தி மீண்டும் கோப்பை.

பிறகு தாங்கள் தோற்கடித்த அதே செஸ்காவுக்கே போனார். 2020 வரை ஏழு சீசன், 2016லும் 2019லும் இரண்டு கோப்பை. அப்புறம் மிலானில் நான்கு வருடம், மூன்று இத்தாலிய லீக் பட்டம். 2024இல் ஓய்வு. மொத்தம் பதினாறு சீசன், நான்கு நாடு.

பதினாறு சீசன் என்று சொல்வது சுலபம். வெளிநாட்டில் ஆடும் அமெரிக்கருக்கு நாற்காலி எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். நிறைய நாட்டு லீகுகளில் வெளிநாட்டுக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்தக் குறைந்த இடத்தில் ஒன்றை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு ஆட்டம் சேர்ந்தாற்போல் தோற்றால் முதலில் விமானம் ஏற்றப்படுவது நீங்கள்தான். கிளப் வீடு கொடுக்கும், பெரும்பாலும் காரும் கொடுக்கும். சம்பளம் மட்டும் சொன்ன தேதிக்கு வருமா என்பது கிளப்பைப் பொறுத்தது. சம்பளப் பாக்கி போன்ற ஒப்பந்த வழக்குகளைத் தீர்க்க 2007இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் அமைக்க வேண்டி வந்ததென்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். இந்த உலகத்தில் ஏழு வருடம் ஒரே கிளப்பில் நிற்பது சாமானியமில்லை.

ஜிம்மர் ஃபிரெடெட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹைன்ஸுக்கு நேர் எதிர் அவர். 2011இல் கல்லூரி உலகமே கொண்டாடிய ஆள், டிராஃப்டில் பத்தாவது இடம். என்.பி.ஏ.வில் எடுபடவில்லை. சீனா போனார், ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிக்கு மேல் போட்டுத் தள்ளினார், அங்கே நட்சத்திரமானார். ஆனால் ஏதென்ஸுக்கு பனதினைகோஸ் அணிக்காக வந்தபோது அதே வெடிப்பு இல்லை. வெளிநாடு என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறோமே, ஷாங்காய் வேறு, ஏதென்ஸ் வேறு. ஐரோப்பா சுலபம், என்.பி.ஏ.வில் ஆடத் தெரியாதவர்கள் போகும் இடம் என்கிறவர்களுக்கு நான் காட்டுவது ஃபிரெடெட்டைத்தான், ஹைன்ஸை அல்ல.

இப்போது எல்லாமே தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. ஹைன்ஸ் காலத்தில் கல்லூரி ஆட்டக்காரருக்குப் பணம் கிடையாது, உதவித்தொகைதான். 2021இலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம், கல்லூரி மாறி உடனே ஆடலாம். விளைவு? ரியல் மாட்ரிட்டிலிருந்து யெகோர் டியோமின், பார்சிலோனாவிலிருந்து காஸ்பரஸ் யகுசோனிஸ் என்று ஐரோப்பியப் பையன்கள் 2024இல் அமெரிக்கக் கல்லூரிக்குப் போய், மறுவருடமே டிராஃப்டில் போய்விட்டார்கள். இன்று ஒரு ஹைன்ஸ் கிரீன்ஸ்பரோவில் சேர்ந்தால் இரண்டாம் வருடமே பெரிய கல்லூரி ஏதாவது காசு காட்டிக் கூட்டிப்போய்விடும். நான்கு வருடம் சின்ன அணியில் கூடைக்கு அடியில் முட்டிமோதி அவர் கற்ற வித்தையை அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கற்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பையன்கள் கையில் பணம் வருவதை நான் குறை சொல்லவில்லை. அது என்றோ வந்திருக்க வேண்டியது.

சரி, நேரம் இருப்பவர்கள் 2012 இஸ்தான்புல் இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது கால்பகுதியின் பாதியிலிருந்து பார்த்தால்கூடப் போதும். பந்து போகும் பக்கம் பார்க்காமல் ஹைன்ஸையே பாருங்கள். பார்த்துவிட்டு என்.பி.ஏ. கேள்வியை மறுபடி கேட்கத் தோன்றினால் கேளுங்கள், சண்டை போட நான் தயார்.