‘420’ காவல்துறையின் சங்கேத எண் அல்ல

கஞ்சாவைக் குறிக்கும் ‘420’ என்னும் குழூஉக்குறி, கலிஃபோர்னியக் காவல்துறையினர் கஞ்சா புகைப்போரைப் பற்றி வயர்லெஸ் கருவியில் தகவல் சொல்லப் பயன்படுத்திய சங்கேத எண் என்று சமூக ஊடகங்களில் பரவும் செய்தி தவறானது. அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவு, பொது நிலத்திற்குள் ஒருவர் நுழைவதைத் தடுப்பது பற்றியதே தவிர, போதைப்பொருளைப் பற்றியதன்று.

உண்மையில் இது ஒரு கடிகார நேரம். 1971இல் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளியில், வழக்கமாக ஒரு சுவரோரம் (ஆங்கிலத்தில் ‘வால்’) கூடியதால் ‘வால்டோஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட ஐந்து மாணவர்கள், பாயிண்ட் ரேயிஸ் என்னும் கடலோரப் பகுதியில் யாரோ பயிரிட்டுக் கைவிட்டதாகச் சொல்லப்பட்ட கஞ்சாச் செடிகளைத் தேடிப் போவதற்காக, மாலை 4.20 மணிக்குப் பள்ளி வளாகத்திலிருந்த லூயி பாஸ்டர் சிலையருகே சந்தித்தார்கள். செடிகள் கடைசிவரை கிடைக்கவில்லை. சந்திப்பு நேரம் மட்டும் அவர்களுக்குள் கஞ்சாவுக்கான மறைபெயராக நிலைத்தது. இதற்குச் சான்றாக, அச்சொல் இடம்பெற்ற 1970களின் கடிதங்களை அவர்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவினரோடு அவர்களுக்கிருந்த பழக்கத்தால் அச்சொல் ரசிகர்களிடையே பரவியது. 1990இல் அந்த ரசிகர்களிடையே வலம்வந்த துண்டறிக்கையொன்றே காவல்துறைக் கதையையும் சொல்லியது. மறு ஆண்டு அதைக் கஞ்சா பற்றிய ‘ஹை டைம்ஸ்’ இதழ் வெளியிட்டதால், சொல்லோடு பொய்யும் சேர்ந்தே உலகைச் சுற்றியது.

நம் ஊரில் ஏமாற்றுக்காரரை ‘ஃபோர் ட்வென்டி’ என்பது வேறு கதை: அது மோசடிக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை முதல் அப்பிரிவுக்குப் பதிலாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு நடைமுறையில் உள்ளது.