படத்தை அவர் கையில் கொடுங்கள்

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நர்ஸ் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் பெண்கள் பேச்சைத் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார்கள். ஆனால் இரண்டு மொழியிலுமே உடம்பின் அந்த இடத்துக்கு ‘கீழே’ என்பதைத் தாண்டி வார்த்தை வராது.

ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. “ஏழு வயசுல எனக்குக் கத்னா செஞ்சாங்க சிஸ்டர். என்ன எடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்றார். கத்னா என்பது சிறுமிகளின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை வெட்டும் சடங்கு. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஏதோ வரைந்து காட்டினார். அது எனக்கே புரியவில்லை. அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தில் கத்னா உண்டு. 2017-ல் கோழிக்கோட்டிலேயே ஒரு கிளினிக்கில் இது நடப்பதாக, கத்னாவை எதிர்க்கும் ‘சஹியோ’ அமைப்பு வெளியே கொண்டுவந்தது. அதுவரை ஆப்பிரிக்காவில் நடப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உலகம் முழுக்க 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வெட்டோடு வாழ்கிறார்கள் என்று யூனிசெஃப் 2024-ல் சொன்னது.

அந்தப் பெண் அடுத்த முறை வந்தபோது டேப்லெட்டில் ஒரு கோட்டுப்படம் வைத்திருந்தோம். தோல், அதற்குக் கீழே தசை, அதற்கும் உள்ளே கிளிட்டோரிஸ் (பெண்ணுறுப்பில் உணர்ச்சி மிகுந்த பகுதி) என்று ஒவ்வொரு அடுக்காகத் திறக்கும் படம். வெளியே தெரிவது சின்ன நுனிதான். உள்ளே சுமார் 10 சென்டிமீட்டர் வரை இரு பக்கமும் கால் பரப்பிக் கிடக்கிறது. ஹெலன் ஓ'கானல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1998-ல்தான் இதைத் தெளிவாக எழுதினார். கத்னாவில் பொதுவாக வெட்டப்படுவது நுனியை மூடிய தோல், சிலருக்கு நுனியும் சேர்த்து. உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவும் எனக்குள்ள இருக்கா?” என்றார். அதற்காக அவர் பட்ட வலி ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் முப்பது வருஷமாக எல்லாம் போய்விட்டது என்று நினைத்திருந்தவர் அவர்.

பேனாக் கிறுக்கலால் முடியாததை டேப்லெட் செய்தது என்பதால் எல்லோர் முகத்துக்கு முன்னாலும் அதை நீட்டிவிடக் கூடாது. “ஒரு படம் காட்டட்டுமா?” என்று முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். காயத்தின் போட்டோ கூடவே கூடாது. பழைய நாளை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடும். மொழிபெயர்க்க மாமியாரையோ கணவரையோ உள்ளே கூப்பிடாதீர்கள். ‘உறுப்புச் சிதைப்பு’ என்ற சொல்லையும் அவரிடம் சொல்ல வேண்டாம். அவர் கத்னா என்றால் நாமும் கத்னா என்றே சொல்வோம். முக்கியமாக, டேப்லெட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எந்த அடுக்கு வரை பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இப்போது எங்களிடம் இருக்கும் படத்தில் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழிலும் மலையாளத்திலும், கூசாமல் வாசிக்கக்கூடிய சொற்களோடு ஒன்று வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். சொற்களைச் சேர்ந்து தேடுவோம்.