சரிபார்ப்புப் பட்டியல் மட்டும் போதுமா?
அறுவை அரங்கில் நோயாளியின் பெயர் முதலியவற்றைக் கேட்டு உறுதிசெய்து குறிக்கும் சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கினாலே அறுவை சிகிச்சை மரணங்கள் பாதியாகிவிடும் என்று இங்கே வெளியான கட்டுரை அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2009இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், எட்டு மருத்துவமனைகளில் மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது உண்மைதான். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் பட்டியலுக்கு மாறியதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்களே, அங்கே 0.71 சதவீதம் 0.65 ஆனது, புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்க வித்தியாசமே இல்லை. காரணம் எனக்கு வியப்பாக இல்லை. நான் செவிலியராக இருந்த ஓர் அறுவை அரங்கில் படிவங்கள் ஒன்றுவிடாமல் நிரம்பியிருக்கும், அவற்றில் பாதி, நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ரத்தக்குழாயில் செருகும் குழல்வழி வரும் தொற்று குறைந்த கதையையும் கட்டுரை பட்டியலின் கணக்கிலேயே எழுதுகிறது. அங்கே தேவையான பொருட்கள் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் தயாராக இருந்தன. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் அவசரமில்லாத வேளையில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு இருந்தது. தொற்றுக் கணக்கு அந்தந்தப் பிரிவுக்கே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. இவற்றை விட்டுவிட்டுத் தாளை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன கிடைக்கும்? கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், படிவத்தை நிரப்பாதவர்களுக்கு அபராதம் போடச் சொல்கிறார். போடுங்கள், மறுநாளே நூறு சதவீதம் நிரம்பிவிடும். நிரம்பிய படிவத்தை எண்ணாமல், அரங்கில் யாராவது நின்று, மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியின் பெயரை உண்மையிலேயே கேட்டார்களா என்று பார்த்துக் குறித்தால்தான் நிலவரம் தெரியும்.